குண்டுவீச்சு விமானம்: வீசுகிறதா, போடுகிறதா?

ஆங்கிலத்தின் 'பாம்பர்' என்ற சொல்லுக்குத் தமிழ் இதழ்கள் 'குண்டுவீச்சு விமானம்' என்று எழுதுகின்றன. பேச்சிலோ 'குண்டு போட்டான்' என்கிறோம். நேர் கீழே விழுகிற பொருளை 'வீச்சு' என்பது பொருந்துமா என்ற உறுத்தல் எனக்கு நெடுநாள் இருந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தபின் அது போய்விட்டது. 6,000 மீட்டர் உயரத்தில் மணிக்கு 320 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்திலிருந்து கழலும் குண்டுக்கும் அதே வேகம் உண்டு. அது தரையைத் தொட ஏறத்தாழ 35 விநாடி ஆகும். காற்றின் தடையை விட்டுவிட்டால், அதற்குள் 3 கிலோமீட்டர் முன்னே போயிருக்கும். இலக்கின் தலைக்கு மேல் வந்து கழற்றினால் ஊர் தாண்டி விழும். ஆகவே அது வீச்சேதான்.

'பாம்' என்ற சொல்லின் வேர் கிரேக்கத்தின் 'பொம்போஸ்'. ரீங்காரம், முழக்கம் என்று பொருள். இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அவர்கள் காதால் பெயரிட்டார்கள். நம் 'குண்டு' கண்ணால் இட்ட பெயர், உருண்டையானது என்று பொருள். சங்கப் பாடல்களின் 'குண்டு சுனை'யில் அதே சொல் ஆழத்தைக் குறிக்கிறது. வெடித்த இடத்தில் பள்ளம் விழுவதால் அந்தப் பழம்பொருளும் தற்செயலாக ஒட்டிக்கொள்கிறது.

'கனரகக் குண்டுவீச்சு விமானம்' என்பதில் வரும் 'கனரக' என்ற அடைமொழிதான் எனக்கு ஒவ்வாதது. 'கன' வடமொழி, 'ரகம்' உருது வழி வந்தது. அது கிடக்கட்டும், அந்தச் சொல்லைக் கேட்டால் லாரி ஓட்டுநர் உரிமம்தான் நினைவுக்கு வருகிறது. இங்கே கனம் என்பது விமானத்தின் எடையை மட்டும் குறிப்பதன்று. எவ்வளவு சுமையை எவ்வளவு தொலைவு கொண்டுபோகும் என்பதே கேள்வி.

இரண்டாம் உலகப் போரில் பறந்த அமெரிக்காவின் 'கனரக' குண்டுவீச்சு விமானமான பி-24 லிபரேட்டரைப் பாருங்கள். 1939 டிசம்பரில் முதலில் பறந்தது. 18,000-க்கும் மேல் கட்டப்பட்டன. நான்கு எஞ்சின்கள். 33.5 மீட்டர் நீளத்துக்கு விரிந்த, மெலிந்த, 'டேவிஸ்' எனப்படும் வகை இறக்கை குறைந்த எரிபொருளில் நெடுந்தொலைவு கொண்டுபோனது. குண்டறையின் கதவு கடை ஷட்டரைப் போல உருண்டு சுருளும். உள்ளே ஓரடிகூட அகலமில்லாத பலகை மேல்தான் நடக்க வேண்டும். பக்கத்து இலக்குக்குச் சுமார் 3.6 டன் குண்டு ஏற்றலாம். 1,900 கிலோமீட்டர் போக வேண்டுமென்றால் 1.2 டன்தான், மிச்சத்தை எரிபொருள் தின்றுவிடும். 1943 ஆகஸ்ட் 1 அன்று லிபியாவின் பெங்காசியிலிருந்து ருமேனியாவின் பிளோயெஸ்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளைத் தாக்கக் கிளம்பியவை 177. தாழப் பறந்து தாக்கிய அவற்றில் ஐம்பதுக்கும் மேற்பட்டவை அழிந்தன. அட்லாண்டிக்கின் நடுவே ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடியவையோ எரிபொருளை நிரப்பிக்கொண்டு குண்டைக் குறைத்தே பறந்தன. 'கனரக' என்பது இவற்றுக்கு எப்படிப் பொருந்தும்?

தமிழில் 'வீச்சு' என்பதற்கே எட்டும் தொலைவு என்ற பொருளும் உண்டு. எனவே 'நெடுவீச்சுக் குண்டு வானூர்தி' என்று எழுதலாம் என்பது என் கருத்து. 'விமானம்' கோயில் கருவறைக்கு மேல் எழும் கட்டடத்துக்கும் பெயர். 'வானூர்தி'க்கோ 'வலவன் ஏவா வான ஊர்தி' என்ற புறநானூற்றுத் தொடரே சான்று. அது ஓட்டுநர் இல்லாத ஊர்தி. லிபரேட்டரில் பத்துப் பேர் வரை போனார்கள்.

போர் முடிந்து கான்பூரில் சிதைத்துக் கைவிடப்பட்டுக் கிடந்த லிபரேட்டர்களை இந்திய விமானத் தயாரிப்பு நிறுவனமான ஹெச்.ஏ.எல்.லின் பொறியாளர்கள் ஒட்டுப்போட்டு எழுப்பினார்கள். இந்திய விமானப்படை அவற்றை 1968 வரை ஓட்டியது.

ஈழத்தில் மக்கள் சொன்ன சொல் 'பொம்மர்'. ஆங்கிலத்தில் அச்சொல்லின் இரண்டாம் 'பி' ஒலிப்பதில்லை. ஆகவே நம் 'பாம்பரை' விட அதுவே மூல ஒலிக்கு நெருக்கம். வானத்தில் இரைச்சல் கேட்டதும் பதுங்கு குழிக்கு ஓடியவர்கள் காதால் பிடித்த சொல் அது.