சுறாவுக்குத் தோள்பட்டையா?

எபோலெட் சுறாவைத் 'தோள்பட்டைச் சுறா' என்று ஆவணப்படத்தின் தமிழ் டப்பிங் குரல் சொல்லக் கேட்பது எனக்கு இது மூன்றாவது தடவை. தோள்பட்டை என்றதும் எனக்கு வலித் தைலம்தான் ஞாபகம் வருகிறது.

எபோலெட் பிரெஞ்சுச் சொல். 'எபோல்' என்றால் தோள். எபோலெட், ராணுவ அதிகாரியின் சட்டையில் தோள்மேல் வைக்கும் அலங்காரம். இந்தச் சுறாவின் மார்புத் துடுப்புகளுக்குச் சற்றுப் பின்னால், பக்கத்துக்கு ஒன்றாக, வெள்ளை விளிம்பு கட்டிய பெரிய கருவட்டம் இருக்கிறது. அதனால்தான் அந்தப் பெயர். ஆக, தோள்பட்டை உடம்பின் பாகம், எபோலெட் அதன்மேல் போடுவது. காலையும் கொலுசையும் ஒன்றாக்கலாமா?

சரி, 'தோளணிச் சுறா' என்கிறார்கள் தூய தமிழ் நண்பர்கள். இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் தோளணி என்றால் நமக்குக் கோயில் சிலையின் தோள்வளைதான் தோன்றும். பவளத்திட்டில் ஒரு மீட்டர் நீள மீன் நகை போட்டுக்கொண்டு போகிறதா? ஆங்கிலப் பெயரே ஓர் உவமை. உவமையை மொழிபெயர்த்துவிட்டு மீனை விட்டுவிடுகிறோம். அகராதியைப் புரட்டுகிற நேரத்தில் படத்தை ஒரு தரம் பார்த்திருக்கலாம். நம் மீனவர்கள் சுத்தியல்தலைச் சுறாவுக்குக் கொம்பன் சுறா என்று பெயர் வைத்தது மீனின் தலையைப் பார்த்துத்தானே?

1788இல் பிரெஞ்சு விலங்கியலாளர் போனத்தேர் இதற்கு வைத்த அறிவியல் பெயரில் 'ஒசெல்லாட்டம்' என்ற பகுதிக்குச் சிறுகண் போன்ற புள்ளி உடையது என்று பொருள். என் ஓட்டு 'கண்பொட்டுச் சுறா'வுக்கு. எதிரியை மிரட்டும் போலிக் கண்ணாக அந்த வட்டம் உதவலாம் என்றும் ஒரு கருத்து உண்டு. குழந்தைக் கன்னத்துத் திருஷ்டிப் பொட்டு தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

'நடக்கும் சுறா' என்று வைத்தால் என்ன என்பார்கள். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பவளத்திட்டில் கடல் உள்வாங்கித் தண்ணீர் வற்றும்போது, இது துடுப்புகளை ஊன்றிப் பல்லி மாதிரி உடம்பை வளைத்துக் குட்டைக்குக் குட்டை நகர்வது உண்மை. குட்டையில் ஆக்சிஜன் தீர்ந்தாலும் சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். ஆனால் இதே பேரினத்தில் இப்படி நடக்கிற இனங்கள் ஒன்பது. அத்தனைக்கும் பொதுப்பெயராக அது இருந்துவிட்டுப் போகட்டும்.