வண்டிப் புகையை அடக்கும் ரோடியம்

சாட்ஸ்வொர்த்திலிருந்து டர்பன் நகருக்குள் போகும் புதிய பெட்ரோல் கார் எதுவானாலும், அதன் புகைக்குழாயில் ஒரு வினையூக்கிப் பெட்டி (கேட்டலிடிக் கன்வெர்ட்டர்) இருக்கும். உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி. அதன் நுண்குழல்களின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் பொடிப்பொடியாக ஒட்டியிருக்கின்றன. ரோடியத்தின் பங்கு பெரும்பாலும் ஒரு கிராமுக்கும் குறைவு. ஆனால் புகையில் வரும் நச்சுவாயுவான நைட்ரிக் ஆக்சைடை உடைக்கும் வேலையில் அதற்கு ஈடு இல்லை.

அந்த நச்சுவாயு மூலக்கூறு ரோடியத்தின் மேல் வந்து ஒட்டியதும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரிகின்றன. நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, தீங்கில்லாத வாயுவாக வெளியேறிவிடும். ஆக்சிஜன் மட்டும் உலோகத்தின் மேலேயே தங்கும். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு அதைப் பற்றிக்கொண்டு கார்பன் டை ஆக்சைடாகப் போனால்தான் அடுத்த மூலக்கூறுக்கு இடம் கிடைக்கும். எஞ்சினுக்குள் காற்று அதிகமானால் ரோடியம் முழுக்க ஆக்சிஜன் மூடி, வேலை நின்றுவிடும். புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் இருப்பதே இதற்காகத்தான்: ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதத்தை அது காக்கிறது.

பெட்டி சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறிய பிறகே வினை சுறுசுறுப்பாகும். பக்கத்துக் கடைக்கு மட்டும் ஓடும் காரின் புகை பாதி வழி சுத்தமாகாமலே போவது இதனால்தான்.

பெட்டி கெடுவதற்கு முதல் காரணம் அளவு மீறிய சூடு. ஸ்பார்க் பிளக் தவறினால் எரியாத பெட்ரோல் பெட்டிக்குள் போய் எரியும், பீங்கானே உருகிவிடும். ரோடியம் 1964 டிகிரி வரை உருகாதுதான். ஆனால் 900 டிகிரியை ஒட்டிய சூட்டில், காற்றும் மிகுந்திருந்தால், அடியிலுள்ள அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) பூச்சுக்குள் அது புதைந்து பயனற்றுப் போகும். அதைத் தவிர்க்கவே ரோடியத்தைப் பெரும்பாலும் சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்சைடு) கலந்த பூச்சில் பதிக்கிறார்கள். எஞ்சின் எண்ணெய் கசிந்து எரிந்தால் அதிலுள்ள பாஸ்பரஸ் மேலே படலமாகப் படியும். ஆகவே பிளக் தவறுவதன் அறிகுறியாக எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் தயவுசெய்து காரைத் தொடர்ந்து ஓட்டாதீர்கள். பிளக்கையும் அதற்கு மின்சாரம் தரும் காயிலையும் உடனே பார்த்துவிட்டால் சிறு செலவோடு போகும்.

பெட்டியின் விலை ஏன் அவ்வளவு என்று கேட்பவர்கள் ரஸ்டன்பர்க் பக்கத்துச் சுரங்கங்களைப் பார்க்க வேண்டும். உலக ரோடியத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நம் தென்னாப்பிரிக்காவிலிருந்தே போகிறது. யுஜி2 என்ற பாறையடுக்கில் ஒரு டன் கல்லை அரைத்தால் ஏறத்தாழ அரை கிராம்தான் தேறும். அதற்கென்று தனிச் சுரங்கம் கிடையாது, பிளாட்டினத்தோடு சேர்ந்தே வருகிறது. 2021இல் ஓர் அவுன்ஸ் 29,000 டாலரைத் தாண்டியபோதும் ரோடியத்தை மட்டும் கூடுதலாக எடுக்க வழியில்லாமல் போனது அதனால்தான்.