கோட்டு தோளில் உட்கார்ந்திருக்கிறதா?

போன தை மாதம் ஒரு நாள், கடையைச் சாத்துகிற நேரத்தில் ஒரு பையன் ஓடி வந்தான். கூடவே அவன் அம்மா. கையில் பிளாஸ்டிக் உறை போட்ட கோட்டு சூட். "மாஸ்டர், நாளைக்குச் சாயங்காலம் ரிசப்ஷன். தோள் மட்டும் கொஞ்சம் லூசா இருக்கு. ஒரு தையல் பிடிச்சுக் குடுத்துடுங்க" என்றான்.

போட்டுக் காட்டச் சொன்னேன். தோள் எலும்பு முடிகிற இடத்தைத் தாண்டி, பக்கத்துக்கு ஒன்றரை இன்ச் வெளியே நின்றது. பின்கழுத்தில் கோட்டுக் காலர் சட்டைக் காலரை விட்டு விலகி, இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி. என்ன விலை என்று கேட்டேன். அவன் சொன்ன பணத்தில் நல்ல கம்பளித் துணி எடுத்து, தையல்கூலியும் கொடுத்து, ஷூவும் வாங்கியிருக்கலாம்.

இடுப்பைப் பிடித்துக் கொடுத்தேன். கை நீளத்தைக் குறைத்தேன். தோளில் கை வைக்க முடியவில்லை. "பிரிச்சு உள்ளே தள்ளித் தைச்சா ஆகாதா தம்பி?" என்று அந்த அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார்கள். தோளைக் குறைக்க வேண்டுமென்றால் கை இரண்டையும் கழற்ற வேண்டும், காலரைத் தூக்க வேண்டும், உள்ளே இருக்கிற பேடு, கேன்வாஸ், லைனிங் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். அவ்வளவும் செய்தாலும் கை பொருத்துகிற ஓட்டையான கைக்குழியின் வளைவு மாறிவிடும், பழைய கை அதில் சரியாக உட்காராது. புதுக் கோட்டு தைப்பதே சுலபம். இதைச் சொன்னபோது அந்தப் பையனின் முகம் வாடிப்போனது இன்னும் எனக்கு மறக்கவில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை கோட்டு வாங்குகிறவர்கள்தான் நம் ஊரில் அதிகம். முகூர்த்தத்துக்கு வேட்டி, ரிசப்ஷனுக்குக் கோட்டு. அந்த ஒரு கோட்டு கல்யாண ஆல்பத்தில் காலத்துக்கும் இருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பத்தாவது முடித்ததும் ஒரு கடையில் காஜா எடுக்கிற, அதாவது பட்டன் துளைக்கு நூல் சுற்றித் தைக்கிற பையனாகச் சேர்ந்தவன். இப்போது மதுரையில் சொந்தமாகக் கடை வைத்துக் கோட்டு வெட்டுகிறேன். இந்த இருபத்தேழு வருடத்தில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

ரெடிமேடு வாங்கினாலும் சரி, தைக்கக் கொடுத்தாலும் சரி, எது திருத்த முடிந்தது, எது முடியாதது என்று தெரிந்துவிட்டால் பாதி ஏமாற்றம் குறையும். இடுப்பைக் கொஞ்சம் பிடிக்கலாம். கையைக் குறைக்கலாம், உள்ளே துணி விட்டிருந்தால் சற்று நீட்டவும் செய்யலாம். பேண்ட்டின் இடுப்பும் உயரமும் ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் தோள், கைக்குழி, கோட்டின் உயரம், இந்த மூன்றும் வெட்டும்போதே முடிவாகிவிடும். உயரத்தைக் குறைத்தால் பாக்கெட் போய்க் கீழ் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும், பட்டன் இடமும் தப்பாகும்.

ஆகவே போட்டுப் பார்க்கும்போது முதலில் தோளைப் பாருங்கள். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நின்று மெல்லச் சாயுங்கள். உங்கள் மேல்கை சுவரில் படுவதற்கு முன்னால் தோள் பேடு பட்டு நசுங்கினால் அது உங்களுக்குப் பெரிய கோட்டு. தோள் தையலுக்குக் கீழே கையில் குழி விழுந்தாலும் அப்படித்தான். அடுத்தது பின்கழுத்து. கோட்டுக் காலர் சட்டைக் காலரோடு ஒட்டிப் படிந்திருக்க வேண்டும். இது கண்ணாடியில் தெரியாது. கூட வந்தவரிடம் செல்போனைக் கொடுத்துப் பின்பக்கம் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். முன்னால் அழகாகத் தெரிகிற எத்தனையோ கோட்டு அந்தப் படத்தில் மாட்டிக்கொள்ளும்.

இரண்டு பட்டன் கோட்டு என்றால் மேல் பட்டனை மட்டும் போட வேண்டும். கீழ் பட்டன் போடுவதற்கு வெட்டப்பட்டதே இல்லை. மேல் பட்டனைப் போட்டதும் வயிற்றில் பெருக்கல் குறி மாதிரி சுருக்கம் இழுத்தால் டைட். கை நீளம் சட்டையின் கஃப் கால் இன்ச்சிலிருந்து அரை இன்ச் வரை தெரிகிற மாதிரி இருந்தால் போதும். உயரம் பின்னால் உட்காருகிற இடத்தை மறைக்க வேண்டும். இப்போது குட்டையாக வெட்டுவது ஃபேஷன் என்கிறார்கள். இருபது வருடம் கழித்து ஆல்பத்தைப் புரட்டும்போது அந்தக் குட்டைதான் முதலில் கண்ணில் படும்.

ஒரு விஷயத்தைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். கைக்குழி பெரிதாக, கீழே இறங்கி இருந்தால் கையைத் தூக்க வசதி என்று நினைக்கிறார்கள். உண்மையில் கைக்குழி அக்குளுக்குப் பக்கத்தில் மேலே இருந்தால்தான் கை தனியாக எழும்பும். கீழே இறங்கியிருந்தால் கையைத் தூக்கும்போது கோட்டு மொத்தமும் கூடவே ஏறிவரும். ரிசப்ஷன் மேடையில் மாப்பிள்ளை மூன்று மணி நேரம் கை குலுக்குகிறார், மொய்க்கவர் வாங்குகிறார், தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார். அங்கேதான் இது தெரியவரும்.

ரெடிமேடு கோட்டில் 40 என்று போட்டிருந்தால் அது நெஞ்சுச் சுற்றளவு 40 இன்ச் உள்ளவருக்கு. அதோடு செட்டாக வருகிற பேண்ட் பெரும்பாலும் ஆறு இன்ச் குறைவாக, 34 இடுப்பில் இருக்கும். நாற்பது வயதைத் தாண்டிய நம் ஆட்களில் நெஞ்சு 40 என்றால் இடுப்பு 38 இருப்பவர்கள்தான் நிறைய. அவர்கள் பேண்ட்டுக்குத் தகுந்த மாதிரி பெரிய செட்டாக எடுத்துவிடுகிறார்கள், தோள் தொங்கிவிடுகிறது. கோட்டையும் பேண்ட்டையும் தனித்தனி சைஸில் கொடுக்கிற கடையாகத் தேடுங்கள்.

கோட்டின் உயிர் உள்ளே இருக்கிறது. மேல்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவில் நெஞ்சுப் பகுதிக்கு ஒரு அடுக்கு வைப்போம். பழைய முறையில் அது கேன்வாஸ். குதிரை முடி கலந்து நெய்த துணி, நூலால் பிணைத்திருக்கும். போடப்போட உடம்பின் வளைவுக்குப் படிந்துவரும். இப்போது பெரும்பாலான கோட்டுகளில் ஃப்யூசிங்தான், அதாவது பசை தடவிய துணியைச் சூட்டில் அழுத்தி ஒட்டிவிடுவது. ஃப்யூசிங் என்றாலே மட்டம் என்று நான் சொல்ல மாட்டேன், வருடத்துக்கு ஒரு தரம் போடுகிறவருக்கு நல்ல ஃப்யூசிங் போதும். ஆனால் மட்டமான பசை சூட்டிலும் டிரைகிளீனிங்கிலும் விட்டுப்போய், நெஞ்சில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். அதற்கு மருந்தே கிடையாது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கீழ்ப் பட்டனுக்குப் பக்கத்தில் மேல்துணியை ஒரு கையாலும் உள்துணியை ஒரு கையாலும் கிள்ளிப் பிரியுங்கள். நடுவில் மூன்றாவதாக ஒரு துணி தனியாக நழுவினால் கேன்வாஸ். மேல்துணியே அட்டை மாதிரி தடிமனாக இருந்தால் ஃப்யூசிங். நெஞ்சுக்கு மட்டும் கேன்வாஸ் வைத்து, கீழே ஃப்யூசிங் வைக்கிற முறையும் இருக்கிறது. வருடத்தில் ஏழெட்டுத் தடவை போடுவீர்கள் என்றால் என்னிடம் கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

துணி எடுக்கும்போது 58 இன்ச் அகலத்தில் மூன்றிலிருந்து மூன்றேகால் மீட்டர் ஒரு கோட்டுக்கும் பேண்ட்டுக்கும் சரியாக இருக்கும். கட்டம் போட்ட துணி என்றால் கட்டத்தோடு கட்டம் சேர்க்கக் கூடுதலாக வேண்டும், மாஸ்டரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். கம்பளி என்றால் வேர்க்கும் என்று பயந்து பாலியஸ்டர் எடுக்கிறார்கள். பாலியஸ்டர்தான் வேர்வையை உள்ளேயே அடைத்துவைக்கும். மெல்லிய கம்பளியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கண் கண்ணாகத் தெரிகிற நெசவு என்றால் காற்று போகும், மதுரை வெயிலுக்குத் தாங்கும். துணியின் ஓரத்தில் சூப்பர் 100, சூப்பர் 120 என்று போட்டிருப்பது கம்பளி இழை எவ்வளவு சன்னம் என்பதைத்தான் சொல்கிறது. சூப்பர் 100 என்றால் இழையின் சராசரி விட்டம் அதிகபட்சம் 18.75 மைக்ரான், 120 என்றால் 17.75. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எண் ஏற ஏறத் துணி மென்மை, கூடவே கசங்கலும் ஏறும். முதல் கோட்டுக்கு 100, 110 தாராளம்.

சரி, நல்ல தையல்காரரை எப்படிக் கண்டுபிடிப்பது? கடையின் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற பொம்மையைப் பார்க்காதீர்கள். அது எல்லாக் கோட்டையும் அழகாகத்தான் போடும். "யார் வெட்டுறாங்க?" என்று கேளுங்கள். நிறையக் கடைகளில் அளவு எடுப்பவர் ஒருவர், வெட்டுபவர் வேறு எங்கோ இருப்பார். அளவு மட்டும் சீட்டில் போகும், உங்கள் உடம்பு போகாது. உங்களைக் கண்ணால் பார்த்த ஆளே கத்தரிக்கோலைப் பிடிக்கிறாரா என்பது முக்கியம்.

நல்ல கட்டிங் மாஸ்டர் டேப்பை உடனே எடுக்க மாட்டார். நீங்கள் நடந்து வருவதையும் நிற்பதையும் பார்ப்பார். நெஞ்சு 40 உள்ள இரண்டு பேருக்கு ஒரே கோட்டு பொருந்தாது. ஒருவருக்கு வலது தோள் கால் இன்ச் இறங்கியிருக்கும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே இருப்பவருக்குத் தோள் முன்னால் வளைந்து, முதுகு உருண்டிருக்கும். அவருக்கு முதுகுத் துண்டை நீளமாக வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். தொப்பை உள்ளவருக்கு முன்துண்டு நீளமாக வேண்டும். இதெல்லாம் டேப்பில் வராது, சீட்டில் ஓரமாகக் குறித்துக்கொள்வோம். உங்களுக்கு அளவெடுப்பவர் எண்களைத் தவிர வேறு ஏதாவது எழுதுகிறாரா என்று கவனியுங்கள்.

அப்புறம் ட்ரையல். முதல் ட்ரையலில் கோட்டு கோட்டாகவே இருக்காது. வெள்ளை நூலில் ஓட்டுத் தையல் போட்டு, பாக்கெட் இல்லாமல், சில சமயம் ஒரு கை மட்டும் வைத்து மாட்டிவிடுவோம். அதில்தான் சாக்பீஸால் கோடு போட்டு, பிரித்து, தோளைச் சரிசெய்ய முடியும். கோட்டு தைப்பதற்குப் பேர்போன லண்டன் சாவில் ரோ தெருவில் ஒரு கோட்டு சூட்டுக்குக் குறைந்தது 50 மணி நேரக் கைவேலை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், அங்கேயும் ட்ரையல் பார்க்காமல் கொடுப்பதில்லை. "ட்ரையல் எல்லாம் வேண்டாம் சார், பர்ஃபெக்டா வந்துடும்" என்கிற கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். நானும் ஒரு முறை அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். வெளியூரிலிருந்து வந்த ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற ஆசிரியர். அலைய வைக்க வேண்டாம் என்று ட்ரையல் பார்க்காமலே முடித்துக் கொடுத்தேன். மகள் கல்யாணப் படத்தில் அவர் கோட்டின் முன்பக்கம் இரண்டு கதவு மாதிரி விரிந்து நின்றது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து ட்ரையல் இல்லாமல் என் கடையில் ஒரு கோட்டும் வெளியே போனதில்லை.

ட்ரையலுக்கு வரும்போது அன்றைக்குப் போடப்போகிற சட்டையையும் ஷூவையும் போட்டு வாருங்கள். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்காதீர்கள், வீட்டில் எப்படி நிற்பீர்களோ அப்படி நில்லுங்கள். முதுகுத் தையலிலும் பேண்ட்டின் பின் தையலிலும் ஒரு இன்ச்சாவது உள்ளே துணி விடச் சொல்லுங்கள். கல்யாணத்துக்கு அப்புறம் எடை கூடாத மாப்பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை.

புது மாஸ்டரிடம் நேராகக் கோட்டைக் கொடுக்கத் தயக்கமாக இருந்தால் முதலில் ஒரு பேண்ட் கொடுங்கள். இடுப்புப் பட்டியின் உள்பக்கம், காஜா நூல் பிசிறில்லாமல் இருப்பது, சொன்ன தேதியில் தருவது, இந்த மூன்றிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம். பிடித்திருந்தால் கூலியில் பேரம் பேசாதீர்கள். துணிக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டுக் கூலியில் ஐநூறு குறைப்பவர்களை தினமும் பார்க்கிறேன். குறைகிற பணம் முதலில் கைவேலையில்தான் குறையும். காஜா எடுக்கப் பையன்கள் வருவது நின்று வருடக்கணக்காகிறது. கோட்டு வெட்டத் தெரிந்தவர்கள் எங்கள் வயதுக்காரர்கள்தான் மிச்சம்.

நேரமும் முக்கியம். மே கடைசியிலிருந்து பள்ளிக்கூட யூனிஃபார்ம், புரட்டாசியிலிருந்து தீபாவளி, தை பிறந்தால் கல்யாணம். இந்த நாட்களில் எந்தக் கடையிலும் மாஸ்டருக்குத் தூக்கம் இருக்காது. ஆவணியில் கல்யாணம் என்றால் ஆடியில் வாருங்கள், தையில் என்றால் மார்கழி முதல் வாரத்திலேயே வாருங்கள். அப்போதுதான் கூடுதலாக அரை மணி நேரம் நின்று உங்களைப் பார்க்க எங்களுக்கு முடியும்.

கோட்டு கைக்கு வந்ததும் ஒரு சின்ன வேலை பாக்கி. பின்பக்க வெண்ட்டில், அதாவது கீழே இருக்கிற பிளவில், பெருக்கல் குறி போல ஒரு நூல் போட்டிருப்போம். மடிப்பு கலையாமல் இருக்கத்தான் அது, போடுவதற்கு முன் வெட்டிவிட வேண்டும். ரெடிமேடில் கையில் ஒட்டியிருக்கும் கம்பெனி லேபிளும் அப்படித்தான். எத்தனையோ மாப்பிள்ளைகள் அந்த நூலோடும் லேபிளோடும் மேடையில் நிற்பதைப் பார்த்து, பந்தியிலிருந்து எழுந்து போய்ப் பிரித்துவிட்டு வந்திருக்கிறேன். இப்போது என் கடையில் கோட்டை மடிப்பதற்கு முன்னால் அந்த நூலை நானே பிரித்துவிடுகிறேன். வேறு எங்கே வாங்கினாலும் வீட்டில் ஒரு சின்னக் கத்தரிக்கோல் எடுத்து நீங்கள் பிரித்துவிடுங்கள்.