"வாசிக்கத்தான் போனேன்" என்று சொன்னால் விடமாட்டார்கள்

இந்த ஆடியிலும் ஒருவர் என் வக்கீல் ஆபீசுக்கு வந்துவிட்டார். தவில் கலைஞர். சேலத்துக்குப் பக்கத்து ஊர், அதற்கு மேல் அடையாளம் வேண்டாம். ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவில், ஐரோப்பாவிலிருந்து வந்த இசைக்குழுவோடு சேர்ந்து வாசித்திருக்கிறார். நல்ல மரியாதை, நல்ல சாப்பாடு, கையில் பணம். சில மாதம் கழித்து அந்தக் குழுவின் தலைவர் அவருடைய நாட்டு மேடையில் ஒரு போரைப் பற்றிக் கருத்துச் சொல்கிறார். அந்தப் பேச்சையும் ஏற்காட்டு வீடியோவையும் யாரோ ஒட்டவைத்து, தமிழில் நாலு வரி எழுதி அனுப்பிவிட, நம் ஊர் வாட்ஸ்அப் குரூப்புகளில் அது சுற்ற ஆரம்பிக்கிறது. பேசியவரை இங்கே யாருக்கும் தெரியாது. தவில்காரரை எல்லோருக்கும் தெரியும். சிவப்பு வட்டம் அவர் முகத்தைச் சுற்றித்தான். பேசி வைத்திருந்த திருவிழாக் கச்சேரிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின.

"சார், நான் வாசிக்கத்தான் போனேன். அரசியல் எனக்கு என்ன தெரியும்?"

என்னிடம் வரும் கலைஞர்கள் எல்லோரும் சொல்வது இதைத்தான். பொய் சொல்லவில்லை, மனதாரச் சொல்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது அவர்கள் மேல் அல்ல. 'கலைஞனுக்கு அரசியல் கிடையாது, அதனால் அரசியல் அவனிடம் வராது' என்று இவர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கிறார்களே, அந்தப் பேச்சின் மேல்தான். முதல் பாதி உங்கள் விருப்பம். இரண்டாம் பாதி உங்கள் கையில் இல்லை. நீங்கள் ஒரு கட்சியிலும் இல்லாமல் இருக்கலாம், ஓட்டே போடாமல் இருக்கலாம். உங்கள் வாசிப்பு பதிவாகிவிட்டது, அந்தப் பதிவு இன்னொருவர் கையில் இருக்கிறது. அவர் நாளைக்கு என்ன பேசுவார், அவர் நாடு யாரோடு சண்டைக்குப் போகும், உங்கள் தாளத்தை எந்தக் காட்சிக்குப் பின்னால் வைப்பார்கள் என்பதெல்லாம் நீங்கள் தவிலை உறையில் போட்டுக்கொண்டு மலை இறங்கிய பிறகு நடப்பவை.

உலகப் புகழ் பெற்றவர்களுக்கே இந்தப் பாதுகாப்பு இருந்ததில்லை. 1985-இல் அமெரிக்கப் பாடகர் பால் சைமன் ஜோகன்னஸ்பர்க் போய்க் கறுப்பின இசைக்கலைஞர்களோடு பதிவு செய்தார். நிறவெறி அரசு நடந்த தென்னாப்பிரிக்காவைப் பண்பாட்டு ரீதியாகப் புறக்கணிக்கச் சொல்லி ஐ.நா. பொதுச்சபை 1980-இலேயே தீர்மானம் போட்டிருந்தது. 1986-இல் அந்தப் பதிவுகள் 'கிரேஸ்லேண்ட்' என்ற இசைத்தொகுப்பாக வந்ததும் பெரிய சண்டை. மிரியம் மகேபா, ஹியூ மசெகேலா போன்ற, நாடு திரும்ப முடியாமல் வெளியே வாழ்ந்த தென்னாப்பிரிக்கக் கலைஞர்களே அவரோடு 1987-இல் மேடை ஏறியும் எதிர்ப்பு நிற்கவில்லை. யார் பக்கம் நியாயம் என்று இன்றும் பேசுகிறார்கள். நான் ஒரு வக்கீலாக அதில் பார்ப்பது வேறு. அங்கே வாசித்தவர்களுக்கு நியூயார்க் இசைக்கலைஞர் சங்கம் வைத்த கூலியைப் போல மூன்று மடங்கு கொடுக்கப்பட்டது. லேடிஸ்மித் பிளாக் மம்பாஸோ குழுத் தலைவர் ஜோசப் ஷபலாலாவின் பெயர் ஒரு பாட்டில் இணை ஆசிரியராக ஏறியது. சண்டை எத்தனை வருஷம் நடந்தாலும் கூலியும் பெயரும் எழுதிய அந்தக் காகிதம் நிற்கும். நம் ஆட்களிடம் அப்படி ஒரு காகிதம் இருக்கிறதா?

நம் நாட்டிலும் இதுதான் கதை. 2015 அக்டோபரில் பாகிஸ்தான் கஜல் பாடகர் குலாம் அலியின் மும்பைக் கச்சேரி எதிர்ப்பால் ரத்தானது, 2016 ஜனவரியில் அவரே கொல்கத்தாவில் பாடினார். பாகிஸ்தான் கலைஞர்களை இந்தியர்கள் பணியமர்த்த முழுத் தடை வேண்டும் என்ற மனுவை 2023-இல் மும்பை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆனால் 2025 மே மாதம், பாகிஸ்தானில் உருவான பாடல்கள் உட்பட எதையும் ஒளிபரப்ப வேண்டாம் என்று மத்திய அரசு இணையத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. ஊருக்கு ஊர், வருஷத்துக்கு வருஷம் நிலைமை மாறும். அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2018 ஆகஸ்டில் கிறிஸ்தவப் பாடல்களைப் பாட ஒப்புக்கொண்டதற்காகக் கர்நாடக இசைப் பாடகர் ஓ.எஸ். அருண் மேல் இணையத்தில் பாய்ந்தார்கள், சென்னையில் நடக்க இருந்த கச்சேரியை அவர் விட்டுவிட வேண்டியதாயிற்று. ஷேக் சின்ன மௌலானா ஸ்ரீரங்கத்தில் குடியிருந்து நாகஸ்வரம் வாசித்த தமிழ்நாட்டில்தான் இதுவும் நடந்தது.

அதற்காகப் போகாதீர்கள் என்று சொல்வேன் என்று நினைக்காதீர்கள். போங்கள், நன்றாக வாசியுங்கள். காகிதத்தோடு போங்கள்.

இந்தத் தவில்காரர் கையெழுத்துப் போட்ட விதத்தைக் கேளுங்கள். ஒத்திகைக்கு நடுவில் ஒரு பெண் செல்போனை நீட்டியிருக்கிறார். தவில் அடிக்க விரல்களில் கூடு மாட்டியிருந்ததால் திரையில் எழுத வரவில்லை. ஆள்காட்டி விரல் கூட்டை மட்டும் கழற்றி மடியில் வைத்துவிட்டு, அந்த விரலால் பெயரைக் கிறுக்கிக் கொடுத்துவிட்டு, மறுபடி கூட்டை மாட்டிக்கொண்டு வாசித்திருக்கிறார். அந்த ஒப்பந்தத்தை அவர்களிடமே கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக. பிரபஞ்சம் முழுவதும், என்றென்றைக்கும், இப்போது உள்ள, இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும் பயன்படுத்தலாம் என்று இருக்கிறது. தகராறு வந்தால் அவர்கள் நாட்டுக் கோர்ட்டாம். அவர் பெயர் எங்கே வரவேண்டும் என்று ஒரு வரி கிடையாது.

சட்டம் உங்கள் பக்கம் இருப்பது உங்களுக்கே தெரிவதில்லை. பதிப்புரிமைச் சட்டம் பாட்டு எழுதியவருக்கும் கம்பெனிக்கும் மட்டும் என்று நினைக்கிறீர்கள். வாசிப்பவருக்கும் அதில் உரிமை உண்டு, 50 ஆண்டுக்கு. 2012 திருத்தத்தில் வந்த 38பி பிரிவைக் குறித்துக்கொள்ளுங்கள். வாசித்தது நீங்கள் என்று பெயர் போடச் சொல்லலாம். உங்கள் வாசிப்பைத் திரித்து உங்கள் பெயர் கெடும்படி பயன்படுத்தினால் தடுக்கலாம், நஷ்டஈடு கேட்கலாம். மற்ற உரிமைகளை எழுதிக் கொடுத்த பிறகும் இது உங்களிடமே இருக்கும். (நேரத்துக்குப் பொருந்த வெட்டுவது மட்டும் இதில் சேராது. அதற்கெல்லாம் என்னிடம் வராதீர்கள்.) இந்தச் சட்டப்படி, உரிமையை எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் கொள்ள வேண்டும். வழக்குப் போட நீங்கள் சென்னைக்கு ஓட வேண்டாம், வசிக்கும் ஊரிலேயே, நம் சேலம் அஸ்தம்பட்டி கோர்ட்டிலேயே போடலாம். அதனால்தான் சொல்கிறேன், வேறு நாட்டுக் கோர்ட் என்று எழுதியிருந்தால் அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். கேட்டால் பெரும்பாலும் அடித்துக் கொடுப்பார்கள். கேட்பதற்குத்தான் ஆளில்லை.

ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: என் அனுமதி இல்லாமல் எந்தக் கட்சி, எந்த மதப் பிரசாரம், எந்தப் போர் தொடர்பான காட்சிக்கும் இந்தப் பதிவைப் பயன்படுத்தக் கூடாது. இதற்கு வக்கீல்கூட வேண்டாம்.

பணம் வங்கி வழியாக வரட்டும், பில் கொடுத்து வாங்குங்கள். வாசித்ததற்கான கூலி வேறு, வெளிநாட்டு நன்கொடை வேறு. கூலியை "உதவி", "டொனேஷன்" என்று எழுதி வாங்கிவிட்டு, வெளிநாட்டு நன்கொடை வாங்கப் பதிவு செய்யாத கலைக்குழு டிரஸ்ட் கணக்கில் போட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். வருகிறவர் சுற்றுலா விசாவில் வந்து கட்டணம் வாங்கி மேடையில் வாசிக்கக் கூடாது, முன்பே கேட்டுவிடுங்கள். ஏற்காட்டில் வீட்டைத் தங்க விடுகிறவர்களுக்கும் இதில் வேலை உண்டு: வெளிநாட்டுக்காரர் வந்த 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் விவரம் (முன்பு 'படிவம் சி' என்பார்கள்) அரசுக்கு ஆன்லைனில் போக வேண்டும். சர்ச்சை கிளம்பினால் போலீஸ் முதலில் கேட்பது அதைத்தான். அப்புறம், ஒலிபெருக்கி இரவு பத்து மணிக்கு நிற்க வேண்டும்.

புயல் வந்துவிட்டதா? தயவுசெய்து அன்றைக்கே லைவ் போட்டு அழாதீர்கள், யாரையும் திட்டாதீர்கள். உங்கள் விளக்கத்தையும் வெட்டி ஒட்டுவார்கள். வந்த மெசேஜ்களை அழிக்காமல், லிங்கும் தேதியும் தெரிய எடுத்து வையுங்கள். அந்த போனை விற்றுவிடாதீர்கள். மின்னணுச் சாட்சியத்துக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் தேவைப்படும், பிரிண்ட் மட்டும் கொண்டுவந்தால் கோர்ட்டில் நிற்காது. மிரட்டல் வந்தால் அது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவின் கீழ் குற்றம். ஸ்டேஷனில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

கடைசியாக, வெளிநாட்டுக் குழுக்களை இங்கே அழைத்து வரும் நம் ஊர் ஒருங்கிணைப்பாளர்களுக்கு. நீங்கள் கெட்டவர்கள் இல்லை, இசை மேல் உள்ள ஆசையில்தான் செய்கிறீர்கள். ஆனால் பிரச்சினை வந்ததும் போனை எடுக்காமல் இருப்பது நீங்கள்தான். ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதி, வாசிக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே அவர்கள் வீட்டுக்கு அனுப்புங்கள். கையெழுத்தானதும் ஒரு நகல் அவர்கள் கையில் இருக்க வேண்டும். வீடியோவுக்குக் கீழே "உள்ளூர்க் கலைஞர்கள்" என்று போடாமல் பெயர், ஊர், வாத்தியம் மூன்றையும் எழுதுங்கள். குழுவில் யாராவது பொதுமேடையில் அரசியல் பேசுகிறவர் என்றால் அதை அழைக்கும்போதே இவர்களிடம் சொல்லிவிடுங்கள். தெரிந்தே வருவதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.