ஒரு மில்லி ரத்தத்தில் ஒரு கிருமி

"குழந்தை நேத்து மாதிரி இல்ல டாக்டர்." பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நர்ஸ் இப்படிச் சொன்னால், விவரம் தெரிந்த டாக்டர் உடனே எழுந்து வருவார். டியூப் வழியாகக் கொடுத்த பால் செரிக்காமல் வயிற்றில் நிற்கிறது. காலையிலிருந்து இரண்டு தடவை மூச்சை நிறுத்திவிட்டது. பாதம் சில்லென்று இருக்கிறது. காய்ச்சலா? பெரும்பாலும் இருக்காது. குறைமாதக் குழந்தைக்கு ரத்தத்தில் கிருமி ஏறினால் உடம்பு சுடுவதைவிடக் குளிர்ந்துபோவதுதான் அதிகம்.

தாயின் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேருவது பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில்தான். 28 வாரத்தில் பிறந்த குழந்தை அந்தச் சீதனத்தை வாங்காமலே வந்துவிட்டது. தோலும் மெல்லியது. தொப்புள் வழியாகவும் கை நரம்பிலும் நாமே குழாய்களைச் செருகி வைத்திருக்கிறோம். கிருமிக்கு வழி கிடைப்பதில் சிரமம் இல்லை.

சிரமம் நமக்குத்தான். மூச்சு நிற்பது, பால் தேங்குவது, சூடு குறைவது எல்லாம் கிருமி இல்லாமலும் வரும். மாதம் நிறையாத மூளைக்கும் குடலுக்கும் அது வழக்கம். பார்வையை மட்டும் நம்ப முடியாது என்பதால் ரத்தத்தைக் கேட்கிறோம். கொஞ்சம் ரத்தத்தை எடுத்துப் பாட்டிலில் விட்டு, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் இந்தச் சோதனைக்குக் கல்ச்சர் என்று பெயர்.

ஆனால் எவ்வளவு ரத்தம் எடுப்பது? ஒரு கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தமே 80 முதல் 90 மில்லிதான். அதிலிருந்து ஒரு மில்லி எடுப்பது, பெரியவர் ஒருவரிடம் ஏறக்குறைய 60 மில்லி எடுப்பதற்குச் சமம். அதனால் பலருக்குக் கை தயங்கும். அரை மில்லியோடு நிறுத்திவிடுவார்கள். இங்கேதான் கணக்கு இடிக்கிறது. மில்லிக்குச் சராசரியாக ஒரு கிருமி மிதப்பதாக வைத்துக்கொள்வோம். நீங்கள் எடுத்த ஒரு மில்லியில் குறைந்தது ஒரு கிருமியாவது மாட்டுவதற்கு 63 சதவீத வாய்ப்பு. அரை மில்லி எடுத்தால் அது 39 சதவீதம். கிருமி உள்ளே இருந்தும் ரிப்போர்ட் "வளர்ச்சி இல்லை" என்று வரும். கிருமி அதிகமாக இருந்தால் அரை மில்லியும் போதும்தான், ஆனால் ஆரம்ப நிலையில் அதை யார் உறுதி சொல்வது?

மாட்டிய அந்த ஒன்று, பாட்டிலில் இருக்கும் சத்து நீரில் பெருக ஆரம்பிக்கும். ஈ. கோலை என்ற கிருமி நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். பத்து மணி நேரத்தில் 30 முறை இரட்டித்தால் ஒன்று 100 கோடியைத் தாண்டிவிடும். அத்தனையும் மூச்சுவிட்டுக் கரியமில வாயுவை வெளியேற்றும். ஒருவகைப் பாட்டிலில், வாயு அடியிலுள்ள தட்டில் ஊறி அமிலமாகும்போது தட்டு மஞ்சளாக மாறும். மெஷின் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அந்த நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். உண்மையான தொற்றுகளில் பெரும்பாலானவை 36 மணி நேரத்துக்குள் பிடிபட்டுவிடும்.

36 மணி நேரம் சும்மா காத்திருக்க முடியாது. கிருமி ஏறிய குழந்தை அதற்குள் போய்விடலாம். ஆகவே ரத்தம் எடுத்த கையோடு ஆன்டிபயாடிக் ஏற்றிவிடுவார்கள்.

நடுவில் சி.ஆர்.பி. பார்ப்பார்கள். கல்லீரல் சுரக்கும் இந்தப் புரதத்தை 1930-லேயே நிமோனியா நோயாளிகளிடம் கண்டுபிடித்துவிட்டார்கள். தொற்று தொடங்கி ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆன பிறகுதான் இது ஏறும் என்பதால், முதல் ரிப்போர்ட் நன்றாக இருந்தால் நிம்மதி அடைவதில் அர்த்தமில்லை. அதோடு கஷ்டமான பிரசவமே இதை ஏற்றிவிடும். என் பார்வையில் சி.ஆர்.பி. திருடனைப் பிடிக்க உதவாது. ஒரு நாள் இடைவெளியில் இரண்டு முறை குறைவாக இருந்தால், திருடன் வரவில்லை என்று நம்ப உதவும்.

ஊசியே குத்தாமல் கண்டுபிடிக்க ஒரு வழியை அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் தேடினார்கள். ஆரோக்கியமான குழந்தையின் இதயம் கடிகாரம் போலத் துடிக்காது; துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி சற்றே கூடிக் குறையும். தொற்று வரும்போது அந்த ஏற்ற இறக்கம் தட்டையாகி, நடுநடுவே துடிப்பு சட்டென்று சரிந்து மீளும். வயிற்றில் சிசு திணறும்போது பிரசவ டாக்டர்கள் பார்க்கும் அதே வரைபடம்தான். பெரும்பாலும் பிறந்து சில நாள் கழித்து வரும் தொற்றுகளில், நர்ஸ் கண்ணுக்குத் தெரியும் முன்பே இது மாறத் தொடங்கியது. 1,500 கிராமுக்குக் குறைவான 3,003 குழந்தைகளை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2011-ல் வந்தது. இந்தத் துடிப்பு மாற்றத்தை ஒரு எண்ணாக்கி டாக்டர்களுக்குக் காட்டிய பிரிவில் இறப்பு 8.1 சதவீதம், காட்டாத பிரிவில் 10.2. அந்த எண் எந்தக் கிருமி என்று சொல்லாது. 'போய்ப் பார்' என்று மட்டும் சொல்லும்.

எந்தக் கிருமி என்பது நம் நாட்டில் கூடுதல் முக்கியம். மேலை நாடுகளில் பிறந்தவுடன் வரும் தொற்றுக்குப் பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸும் ஈ. கோலையும் முக்கியக் காரணம். டெல்லி மருத்துவமனைகளில் நடந்து 2016-ல் வெளியான பெரிய ஆய்வில் முன்னே நின்றவை அசினெட்டோபாக்டரும் கிளெப்சியெல்லாவும். பல மருந்துகளுக்கு மசியாத கூட்டம். கல்ச்சர் பெயர் சொல்லாவிட்டால் மருந்து குருட்டடிதான்.

36 மணி நேரமாக மெஷின் மௌனம், குழந்தை பால் செரிக்கிறது என்றால் மருந்தை நிறுத்திவிடலாம். தேவையில்லாமல் நீட்டிப்பதும் நல்லதல்ல. நீண்ட நாள் ஏற்றிய குழந்தைகளில் குடல் அழுகல் நோய் அதிகம் காணப்பட்டிருக்கிறது. மெஷின் மௌனம், ஆனால் குழந்தை இன்னும் துவண்டு கிடக்கிறது என்றால்தான் தலைவலி. அப்போது டாக்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டிக் கேட்பார்: "கல்ச்சர் பாட்டில்ல எத்தனை மில்லி போட்டீங்க?"