ஒத்ததிர்வு: ரெசனன்ஸைத் தமிழில் சொல்வது எப்படி?

பதினோராம் வகுப்பு இயற்பியலில் அலைவுகள் பாடம் நடத்தும்போது ‘ரெசனன்ஸ்’ என்று வாயால் சொல்லிவிட்டு, கரும்பலகையில் ‘ஒத்ததிர்வு’ என்று எழுதுவார்கள். மாணவர்களும் அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் பாடத்தில் பாதி அப்போதே புரிந்துவிடும்.

முதலில் பொருள். எந்தப் பொருளையும் தட்டிவிட்டால், அது தனக்கென்று உள்ள ஒரு கணக்கில் அதிரும். நொடிக்கு எத்தனை முறை என்பதுதான் அதன் இயல்பு அதிர்வெண். பொருளின் நிறை, விறைப்பு, நீளம் இவைதான் அதை முடிவு செய்கின்றன. வெளியிலிருந்து வேறொரு விசை விடாமல் அதை ஆட்டினால், அந்த விசையின் கணக்குக்குத்தான் அது ஆடியாக வேண்டும். இது திணிப்பு அதிர்வு. வெளி விசையின் அதிர்வெண்ணும் பொருளின் இயல்பு அதிர்வெண்ணும் ஒன்றாகிவிட்டால், ஒவ்வொரு தள்ளலும் சரியான நேரத்தில் வந்து சேர்கிறது. வீச்சு, அதாவது ஆட்டத்தின் அளவு, பெருகிப் பெருகி, உராய்வு முதலான தடைகள் உறிஞ்சும் ஆற்றலும் உள்ளே வரும் ஆற்றலும் சமமாகும் இடத்தில்தான் நிற்கும். இந்த நிலைக்குப் பெயர் ஒத்ததிர்வு.

வேலூரில் இதைக் கேட்க ஆய்வகத்துக்குப் போக வேண்டியதில்லை. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுப் பக்கத்தில் பேசிக்கொண்டிருப்பவர், குடம் நிறையப் போவதைக் காதாலேயே தெரிந்துகொள்கிறார். விழும் தண்ணீரின் சளசளப்பில் எல்லா அதிர்வெண்களும் கலந்திருக்கின்றன. குடத்துக்குள் மிச்சமிருக்கும் காற்று, அவற்றில் தனக்கு ஒத்ததை மட்டும் எடுத்துப் பெரிதாக்குகிறது. தண்ணீர் ஏற ஏற காற்றுக்கு இடம் குறைகிறது, அதன் இயல்பு அதிர்வெண் கூடுகிறது, ஓசையின் சுருதி ஏறுகிறது. அதே போல, ஆற்காடு போகும் பேருந்து, நிறுத்தத்தில் நின்றபடி உறுமும்போது ஒரு ஜன்னல் மட்டும் கடகடவென்று ஆடும். ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் அடங்கிவிடும். ஆறு சிலிண்டர் டீசல் என்ஜின் நிமிடத்துக்கு 600 சுற்று ஓடினால் நொடிக்கு 30 முறை எரிதல் நடக்கும். அந்த 30 ஜன்னலின் இயல்பு அதிர்வெண்ணோடு பொருந்தினால் ஆட்டம்தான். வேகம் மாறினால் பொருத்தம் போய்விடுகிறது.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? ரெசனன்ஸ் இலத்தீன் வழி வந்தது. ‘ரெசொனாரே’ என்றால் மீண்டும் ஒலித்தல். அதாவது மூலப்பொருள் எதிரொலிக்கு நெருக்கமானது. அந்தப் பொருளுக்கு மட்டும் தமிழ் தேடினால் நம்மிடம் மிகப் பழைய சொல் உண்டு: சிலம்புதல். சிலம்பு என்றால் காலில் அணிவது, ஒலிப்பது, எதிரொலிப்பது, மலை, எல்லாமே. ஒலியோடு மலையைச் சேர்த்துப் பார்த்த மரபு இந்தப் பக்கத்து மண்ணுக்கும் சொந்தம். பழைய வட ஆற்காட்டைச் சேர்ந்த செங்கம் பகுதியை ஆண்ட நன்னனைப் பாடியது மலைபடுகடாம். மலையை யானையாகவும், அதில் எழும் பலவகை ஓசைகளை யானையின் மதமாகவும் கண்டு வைத்த பெயர் அது.

ஆனால் இயற்பியலின் ரெசனன்ஸ் எதிரொலி இல்லை. எதிரொலிக்கு ஒலி போய் முட்டித் திரும்பினால் போதும், எந்த அதிர்வெண்ணாக இருந்தாலும் சரி. ஒத்ததிர்வுக்குப் பொருத்தம் வேண்டும். கலிலியோ 1638இல் வெளியான தன் நூலில் இதைத் தெளிவாகக் காட்டினார். கோவில் மணி போன்ற கனத்த மணியை ஒருவரே சரியான நேரம் பார்த்து இழுத்து இழுத்து அசைத்துவிடலாம், பிறகு நான்கு பேர், ஏன் ஆறு பேர்கூட, கயிற்றைப் பிடித்து நிறுத்தப் பார்த்தால் அவர்களையே தூக்கிவிடும் என்றார். அங்கே வலிமையை விட நேரம் ஒத்துப்போவதுதான் வேலை செய்கிறது. இலத்தீன் சொல்லில் இந்தக் கருத்தே இல்லை. தமிழ்ச் சொல்லில் இருக்கிறது.

ஒத்து + அதிர்வு = ஒத்ததிர்வு. ‘ஒத்து’ என்பது குற்றியலுகரத்தில் முடிகிறது. அடுத்து உயிரெழுத்து வந்ததும் உகரம் விழுந்து, ‘த்’தோடு ‘அ’ சேர்கிறது. இதை ‘ஒத்த அதிர்வு’ என்று பிரிப்பவர்கள் உண்டு. அப்படிப் பிரித்தால் புணர்ச்சியில் ‘ஒத்தவதிர்வு’ என்றல்லவா வர வேண்டும்? பொருளும் மாறும். ஒத்த அதிர்வு என்றால் ஒரே மாதிரியான அதிர்வு என்று ஆகிவிடும். ஒத்து அதிர்தல் என்றால் ஒன்றோடு ஒன்று இணங்கி அதிர்தல், ஒரு செயல். நாகசுரத்தோடு சுருதி பிடிக்கும் குழலுக்கும் ஒத்து என்றுதான் பெயர். இசையிலும் பேச்சிலும் ஏற்கெனவே புழங்கும் ஒரு சொல்லை அறிவியல் எடுத்துக்கொண்டிருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். தமிழ்ப் பாடநூல்கள் மெதுவான ஆட்டத்தை அலைவு என்றும், வேகமான நடுக்கத்தை அதிர்வு என்றும் பெரும்பாலும் பிரித்து எழுதுகின்றன. புளியமரத்தில் கட்டிய ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதும் ரெசனன்ஸ்தான். இரண்டரை மீட்டர் கயிறு ஒரு முறை போய்வர மூன்று நொடிக்கு மேல் ஆகும். அதை அதிர்வு என்று சொல்ல நாக்கு கூசுகிறது. இருந்தாலும் ‘ஒத்தலைவு’ என்று இன்னொரு சொல்லை உண்டாக்குவதை விட, ஒத்ததிர்வையே கொஞ்சம் விரித்துக்கொள்வது நல்லது என்பேன்.

மற்ற சொற்களையும் பார்ப்போம். ஈழத்துப் பாடநூல்களில் ரெசனன்ஸுக்குப் பரிவு என்று பெயர். ஒரு தந்தி அதிர, தொடப்படாத இன்னொன்று இரங்குகிறது என்ற அழகான எண்ணம் அதில் கேட்கிறது. பழந்தமிழில் முரசு ஒலிப்பதையும் இரங்குதல் என்றே சொன்னார்கள். தெலுங்கில் அனுநாதம். 1911 வரை வட ஆற்காட்டின் தலைநகராக இருந்த சித்தூரில் இன்று பிள்ளைகள் படிப்பது இந்தச் சொல்லைத்தான். ஒலியைத் தாண்டிய இடங்களில் நாதம் என்ற பகுதி இடிக்கும். ஒத்திசைவு என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது பல சுரங்கள் இணைந்து ஒலிக்கும் ஆர்மனிக்கும், மனிதர்களுக்கு இடையிலான இணக்கத்துக்கும் தேவைப்படுகிற சொல். அங்கேயே இருக்கட்டும். வேதியியலில் பென்சீனுக்குச் சொல்லும் ரெசனன்ஸில் எதுவும் அதிர்வதில்லை. அதனால் உடனிசைவு என்று தனிச்சொல் வைத்தது மிகச் சரி.

ஆய்வகத்தில் இந்தச் சொல் ‘ஒத்ததிர்வுக் காற்றுத்தம்பம்’ என்று வரும். 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை (டியூனிங் ஃபோர்க்) ரப்பர் கட்டையில் தட்டி, தண்ணீரில் நிற்கும் குழாயின் வாய்க்கு மேலே பிடித்துக் குழாயை மெல்ல உயர்த்தினால், உள்ளிருக்கும் காற்றின் நீளம் 16 செ.மீ. அருகில் வரும்போது ஓசை சட்டென்று பெருகும். இன்னும் உயர்த்தினால் இரண்டாவது இடம் வரும். இரண்டுக்கும் இடைவெளி அரை அலைநீளம். காற்றில் ஒலியின் வேகம் 0 டிகிரியில் நொடிக்கு 331 மீட்டர். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.6 மீட்டர் கூடும். மார்கழியில் அறை 22 டிகிரி என்றால் இடைவெளி 33.6 செ.மீ. வரும். வேலூர்க் கோடையில் அறை 40 டிகிரியைத் தொட்டால் அதே இசைக்கவைக்கு 34.7 செ.மீ. ஒரு சென்டிமீட்டர் வித்தியாசத்தைப் பார்த்துத் தவறு செய்துவிட்டதாக நினைத்து அளவைத் திருத்தி எழுதும் மாணவர்கள் உண்டு. திருத்த வேண்டாம், பக்கத்தில் வெப்பநிலையைக் குறித்தால் போதும்.

அப்புறம் எம்.ஆர்.ஐ. மருத்துவத்துக்காகப் பல மாநிலத்தவர் வந்து தங்கும் ஊர் வேலூர். ஸ்கேன் அறைக்கு வெளியே அந்த மூன்றெழுத்தைப் பார்க்காதவர் குறைவு. நடுவில் உள்ள ‘ஆர்’ ரெசனன்ஸ்தான். தமிழில் காந்த ஒத்ததிர்வுப் படிமம். 1.5 டெஸ்லா காந்தப்புலத்தில் உடலிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் நொடிக்குச் சுமார் 6.4 கோடி முறை சுழன்றாடும். அதே அதிர்வெண்ணில் ரேடியோ அலையை அனுப்பினால் அவை ஆற்றலை வாங்கிக்கொண்டு, திருப்பி அனுப்பும் குறிகையிலிருந்து படம் உருவாகிறது. உள்ளே படுத்திருக்கும்போது கேட்கும் டம் டம் சத்தத்தை இந்த ஒத்ததிர்வு என்று நினைத்துவிடக் கூடாது. அது, வலிய காந்தப்புலத்துக்குள் மின்னோட்டம் மாறி மாறிப் பாயும் கம்பிச்சுருள்கள் உதறும் சத்தம். அணுக்கருக்களின் ஒத்ததிர்வு காதுக்கு எட்டாது.

வினையாகவும் இந்தச் சொல்லைத் தாராளமாகப் புழங்கலாம்: குடத்துக் காற்று ஒத்ததிர்கிறது, பேருந்தின் ஜன்னல் ஒத்ததிர்ந்தது, என்ஜின் வேகம் கூடியதும் ஒத்ததிரவில்லை.