கண்டல் இருக்கச் சதுப்பு எதற்கு?

சென்ற வாரம் ஒரு கையேட்டின் தமிழாக்கம் மெய்ப்புத் திருத்தத்துக்கு வந்தது. முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில், 'சதுப்புநிலக் காடுகளின் மறுசீரமைப்பு'. மாங்குரோவைத்தான் சொல்கிறார்கள். அதற்குத் தமிழில் கண்டல் என்றே ஒரு பெயர் இருக்கிறது. செய்தித்தாளிலும் பாடநூலிலும் பார்த்துப் பார்த்துப் பழகிய சொல்தான். ஆனாலும் இம்முறை பேனாவை மூடிவைக்க மனம் வரவில்லை.

போர்த்துக்கீசியர் மாங்கே என்றும் ஸ்பானியர் மாங்ளே என்றும் சொன்ன மரம் இது. அமெரிக்கப் பழங்குடி மொழியிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்ட பெயர். ஆங்கிலேயர் வாயில் அதன் வால் பகுதி, தோப்பைக் குறிக்கும் 'குரோவ்' ஆகத் திரிந்தது. பிறப்புக் கதை அவ்வளவே. கழிமுகங்களில் உப்புநீர் ஏறி இறங்கும் சேற்றில் வளரும் மரங்களுக்கும், அவை சேர்ந்த காட்டுக்கும் இதுதான் பெயர்.

இனி வழக்குக்கு வருவோம். சதுப்புநிலம் என்றால் நீர் தேங்கிக் கிடக்கும் சேற்று நிலம். சென்னைக்காரர்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் பள்ளிக்கரணைதான் நினைவுக்கு வரும்; அங்கே இருப்பது கோரையும் நாணலும். 2022 ஜூலையில், உலகின் முக்கிய ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் தமிழ்நாட்டு இடங்கள் மூன்று ஒன்றாகச் சேர்ந்தன: கரிக்கிலி, பள்ளிக்கரணை, பிச்சாவரம். பள்ளிக்கரணைக்குச் சதுப்புநிலம், பிச்சாவரத்துக்குச் சதுப்புநிலக் காடு என்று எழுதினால், முன்னதில் நான்கு மரம் நட்டால் பின்னதாகிவிடும் என்று ஒரு பிள்ளை நினைப்பதில் என்ன தவறு?

இது வெறும் சொல் சண்டை அன்று. பிச்சாவரம் எப்படி அழிந்தது என்று பாருங்கள். வெள்ளையர் காலத்திலிருந்தே அந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையாக வெட்டி வந்தார்கள். வெட்டிய இடத்தில் வெயில் பட்டு மண் காய்ந்து அமிழ்ந்தது. நிலம் தட்டுப் போலக் குழிந்தது. ஓதத்தில் உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தில் வெளியேற வழியில்லாமல் அங்கேயே நின்று ஆவியானது. உப்பு ஏறியது. அதன்பின் விதை விழுந்தாலும் நாற்று பிழைக்கவில்லை. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நாற்றை மட்டும் நடவில்லை. முதலில் மீன்முள் போலக் கிளை பிரியும் வாய்க்கால்களை வெட்டி, தண்ணீர் போய்வர வழி செய்தார்கள். காடு திரும்பியது. ஆக, நீர் தேங்கியபோது செத்த காடு அது. அதற்குத் தேக்கத்தின் பெயரையே சூட்டுவது நோயாளியை நோயின் பெயரால் கூப்பிடுவது போல இருக்கிறது.

'மறுசீரமைப்பு' பற்றியும் ஒரு வார்த்தை. கடனை மறுசீரமைப்பார்கள், துறைகளை மறுசீரமைப்பார்கள். காட்டை மீட்பார்கள். அடகில் போன நகையைக்கூட நாம் மீட்கத்தான் செய்கிறோம். இந்த மொழிபெயர்ப்பாளர்கள் கையில் கிடைத்தால் அதையும் மறுசீரமைத்துவிடுவார்கள்.

அடுத்த போட்டியாளர் அலையாத்தி. முத்துப்பேட்டைப் பக்கம் வழங்கும் பெயர், காதுக்கும் இனியது. அதனோடு எனக்குப் பகை இல்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இதை 'அலை ஆற்றி' என்று பிரித்து, அலையைத் தணிப்பதால் வந்த பெயர் என்று எழுதும் வழக்கம் பரவியது. ஆத்தி என்றே ஒரு மரம் இருக்கிறது, சோழர் சூடிய பூ அதனுடையது. மரப்பெயரோடு மரப்பெயர் சேர்ந்தது என்று கொள்ளவும் இடமுண்டு. எப்படிப் பிரித்தாலும் இந்தக் காடுகளில் உள்ள ஒரு மரத்தின் பெயரை எல்லாவற்றுக்கும் பொதுவாக்குகிறார்கள் என்பதுதான் என் குறை.

கண்டலும் ஒரு மரத்தின் பெயர்தானே என்பீர்கள். ஆம். ஆனால் வெண்கண்டல், கருங்கண்டல், நரிக்கண்டல் என்று அது எப்போதோ குடும்பப் பெயராகிவிட்டது. நற்றிணையிலேயே 'கண்டல் வேலி' வருகிறது, கழி சூழ்ந்த ஊருக்கு அரணாக. அகராதியில் கண்டலுக்குத் தாழை என்ற பொருளும் உண்டு. அதைக் காட்டி மறுப்பவர்கள் இருக்கிறார்கள். இன்று தாழையைக் கண்டல் என்று சொல்லும் ஒருவரை நான் பார்த்ததில்லை. இலங்கைத் தமிழர் கண்டல் தாவரம் என்றே எழுதுகிறார்கள். மலையாளிகளுக்குக் கண்டல்காடு அன்றாடச் சொல். கண்ணூர்க் கழிகளில் நாற்று நட்டுத் திரிந்த கல்லேன் பொக்குடனுக்கு ஊர் வைத்த பெயரே கண்டல் பொக்குடன்.

இன்னொன்றைக் கேளுங்கள். கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு 17ஆம் நூற்றாண்டில் தொகுத்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' என்ற மலபார்த் தாவர நூலில் கண்டல் என்ற பெயர் ஏறியது. அதையே பிடித்துக்கொண்டு, சென்னை மாகாணத்தில் மருத்துவராக இருந்த ராபர்ட் வைட்டும் அவருடைய கூட்டாளி ஆர்னட்டும் 1834இல் இந்த மரங்களில் ஒரு பேரினத்துக்குக் 'கண்டேலியா' என்று பெயரிட்டார்கள். லத்தீன் இடம் கொடுத்த சொல்லுக்குத் தமிழ்க் கையேட்டில் இடமில்லை.

தலைப்பைக் 'கண்டல் காடுகளை மீட்டல்' என்று திருத்தி அனுப்பிவிட்டேன். புணர்ச்சி இலக்கணம் பார்ப்பவர்கள் கண்டற்காடு என்று எழுதிக்கொள்ளட்டும். எனக்குப் பிரித்து எழுதுவதே போதும்.